வீட்டுக்காரரின் மூக்களவு

அசையாமல் கிடக்கும் முகம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். மதியச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் சாய்ந்தால் இடி விழுந்தாலும் எழாத வீட்டுக்காரரின் முகம். பிஸ்கட் கம்பெனி ஆட்களுக்கு முகக்கவசம் தைக்க அளவு வேண்டும் என்றதும் அவர் மனைவியான தையல்காரி நாடாவோடு போய் நின்றது அதன் முன்னால்தான். அக்கம்பக்கத்தாருக்குச் சட்டை தைத்தே பழகியவள். ஆளை அளக்காமல் துணியில் கத்தரி வைக்க அவளுக்குக் கை வராது.

அந்த முகத்தில் மூக்கு இருந்தது என்பதைவிட, மூக்கில் முகம் ஒட்டிக்கொண்டிருந்தது என்றால் பொருத்தம். தெருவில் அவருக்குப் பெயரே 'மூக்கு சார்'. தினமும் பார்க்கிற அவள் கண்ணுக்கு மட்டும் அது சாதாரண மூக்காகத் தெரிந்தது. பருத்தித் துணியின் நடுவில் ஆழமாக ஒரு வளைவுத் தையல் ஓட்டி, பிஸ்கட் கம்பெனி கேட்ட அத்தனையையும் அதே அளவில் தைத்து அனுப்பிவிட்டாள்.

அந்த ஆர்டரில்தான் அவள் உயிரே இருந்தது. மிஷின் அவளுடையது இல்லை, நாத்தனாருடையது. "முதல் ஆர்டர் நல்லபடியா போனா மிஷின் உன்கிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா அன்னைக்கே தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தாள். அந்த அம்மாள் சொன்னதைச் செய்கிற ரகம்.

கம்பெனி சூப்பர்வைசர், பிரிக்காத கட்டுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா தச்சிருக்கீங்க? என் ஆளுங்கல்லாம் கிளி மாதிரி நிக்கிறாங்க!"

"காத்தோட்டமா இருக்குமே சார்..."

"காத்தா? மூக்குக்கு முன்னாடி காலியா இருக்கிற இடத்துல ஆளுக்கு நாலு பிஸ்கட்டைப் போட்டுக்கிட்டு நாள் பூரா மெல்லுறாங்க. கேட்டா வாயைத் திறக்காம தலையை மட்டும் ஆட்டுறாங்க. நீங்களே வச்சுக்குங்க!"

வாசலில் கிடந்த மூட்டையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டியது. கெட்ட செய்திக்குக் கால் முளைத்துவிட்டது போலும். பொழுது சாய்வதற்குள் நாத்தனார் வண்டியோடும் இரண்டு ஆட்களோடும் வந்து இறங்கினாள். தம்பி மூக்குக்கு அக்கா மூக்கு. கடையில் வாங்கிய முகக்கவசத்துக்கு மேலே அது பாதிக்குப் பாதி வெளியே நின்றது.

"எங்க போனாலும் 'மூக்கை மூடுங்கம்மா'ன்னு வாசல்லயே திருப்பி அனுப்புறான். மானம் போகுது. சரி, அந்தக் கதை எதுக்கு? மிஷினை எடுங்கப்பா!"

ஆட்கள் தூக்கினார்கள். தையல்காரி மூட்டையிடம் ஓடினாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே மூட்டைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"அண்ணி, இதை ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுப் போங்க."

வேண்டா வெறுப்பாக நாத்தனார் மாட்டினாள். மூக்கு உள்ளே போய்ச் சொந்த வீடு போல உட்கார்ந்தது. கண்ணாடி முன்னால் இப்படித் திரும்பினாள், அப்படித் திரும்பினாள்.

"யார் அளவுடி இது?"

"உங்க தம்பியோடது."

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆட்கள் மிஷினைப் பிடித்தபடி விழித்துக்கொண்டு நின்றார்கள்.

"கீழ வைங்கப்பா! பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு, அத்தை பிள்ளைங்க... எங்க வம்சமே வெளியில தலைகாட்ட முடியாம வீட்டுக்குள்ள கிடக்குதுடி. இந்த ஒரு மூட்டை எந்த மூலைக்கு?"

சத்தத்தில் வீட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். "யாரு வந்திருக்கா?"

"ஒண்ணுமில்லங்க" என்றாள் அவள், நாடாவை எடுத்துக்கொண்டே. "அசையாம படுங்க. சின்னப் பிள்ளைங்களுக்கும் வேணுமாம், பாதி மூக்குக்கு அளவெடுக்கணும்."