முதல் பரிசு வாங்கிய மருந்து

"…எல்லாத்தையும் கூட்டிப் பாத்துட்டேன்க்கா. இந்த மருந்துக்குத்தான் மொதல் பரிசு. ரெண்டாவதா வந்தது கிட்டக்கூட நிக்கல. இதையே குடுத்துருங்க லா, நான் தோட்டத்துக்கு ஓடணும்" என்று சொல்லிக்கொண்டே, பக்கத்து வீட்டுத் தம்பி என் கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி அவருடையது. கோலசிலாங்கூர்ப் பக்கத்தில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீட்டு வாசலில் லோரி நிறுத்துகிறவர் அவர் ஒருவர்தான். அன்றைக்கும் அது அவர் மனைவியின் காரை உள்ளே அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. தோட்டத்து முதலாளி, தவுக்கே, கைப்பேசியில் கூப்பிட்டபடியே இருந்தார். இவர் எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை.

"உக்காரு தம்பி, தேத்தண்ணி ஆறுது."

"உக்காந்தா ஒரு மாதிரி இருக்குக்கா. நெஞ்சுக்குள்ள யாரோ லோரிய ஸ்டார்ட் பண்ணி, கியர் போடாமயே வுட்டுட்டுப் போன மாதிரி."

மற்ற நாளாக இருந்தால் அந்தப் பேச்சுக்காகவே அவரை விருந்துக்கு உட்கார வைத்திருப்பேன். ஹோமியோபதியை நானாகப் புத்தகம் வாங்கிப் படித்தவள் நான். வைத்தியர் என்று பலகை மாட்டியதில்லை. சொந்தக்காரர்கள், அண்டை வீட்டார் வந்தால் பேசுவேன். எனக்கு மருந்தைவிட அந்தப் பேச்சு பிடிக்கும். உலு யாமில் ஒரு சின்னம்மா தன் தலைவலியை, "மண்டைக்குள்ள எவனோ வாடகைக்கு வந்து ஆணி அடிக்கிறான்" என்பார். வலி என்று மட்டும் சொன்னால் அது யாருடைய வலியாகவும் இருக்கலாம். ஆணி அடிக்கிற வாடகைக்காரன் சின்னம்மாவுக்கு மட்டுமே உரியவன்.

மருந்துகாண் ஏடு என்கிற அந்தத் தடித்த புத்தகம் இருப்பதே இதற்காகத்தான். தலை, வயிறு, மனம் என்று பிரித்து, ஒவ்வொரு நோய்க்குறிக்கும் கீழே மருந்துகளின் பெயர்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். அந்தக் குறிக்கு நெருக்கமான மருந்து தடித்த எழுத்தில் இருக்கும், தூரமானது மெல்லிய எழுத்தில். ஆயிரம் மருந்தின் குணத்தை எந்த மண்டையும் தாங்காது. எங்கே தேடுவது என்று காட்ட ஒரு கைகாட்டி வேண்டும். சுங்கை ஆயர் தாவார் என்று சாலையில் பலகை நின்றால், பலகைக்கு அடியிலேயே யாரும் இறங்கிவிடுவதில்லை. ஆளுக்கே உரிய குறிகளைக் கொஞ்சமாக எடுத்து, அவற்றில் திரும்பத் திரும்ப வருகிற பெயர்களைக் குறித்துக்கொண்டு, ஏட்டை மூடிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு மருந்தின் முழுக் குணத்தையும் வேறு நூலில் படித்து, எதிரே இருக்கிற ஆளோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். முடிவு அங்கேதான்.

தம்பி போன வாரம் அந்த ஏட்டைக் கேட்டார், கொடுத்தேன். இப்போது அது திரும்பி வந்திருந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! பக்கத்துக்குப் பக்கம் நம்பர் கடை லாட்டரிச் சீட்டுகள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் கனவு நம்பர் புத்தகம் என்று ஒன்று புழங்கும். கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், பல் விழுந்தால் ஒரு நம்பர். காலையில் புரட்டுவார்கள், நேரே நம்பர் கடைக்குப் போவார்கள். தம்பி என் ஏட்டையும் அப்படியே புரட்டியிருக்கிறார். தடித்த எழுத்துக்கு மூன்று புள்ளி, மெல்லிய எழுத்துக்கு ஒன்று என்று போட்டுக் கூட்டியிருக்கிறார்.

"வியர்வைன்னு பாத்தேன், எனக்கு இருக்கு. பசின்னு பாத்தேன், இருக்கு. கை நடுக்கம், இருக்கு. கோவம், அத இவகிட்டயே கேளுங்க" என்று வாசல் கேட்டருகே நின்ற மனைவியைக் காட்டினார். தொழிற்சாலைச் சட்டையோடு நின்றிருந்த அந்தப் பெண்ணுக்குப் பிற்பகல் வேலை.

"பிரசவம்னு ஒரு பகுதி இருக்குமே, அதயும் பாத்தீங்களா?" என்றாள் அவள்.

"பாத்தேன். அது மட்டுந்தான் இல்ல."

சிரித்தோம். ஆனால் அவள் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "அக்கா, ரெண்டு ஆளு சோறு சாப்புடுறாரு. சிலுவாரு இடுப்புல நிக்க மாட்டேங்குது. இந்தக் கையோட தஞ்சோங் காராங் ரோட்டுல பாரம் ஏத்திக்கிட்டுப் போறாரு. கிளினிக்குக்கு வாங்கன்னா, லைசன்ஸப் புடுங்கிருவாங்கங்கிறாரு."

என்னாலும் உட்கார முடியவில்லை. எழுந்து காற்றாடியை நிறுத்தினேன். "கைய நீட்டு தம்பி, வெரல விரிச்சு."

ஏட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி அவர் புறங்கையில் வைத்தேன். காற்றே இல்லாத கூடத்தில் அது படபடவென்று அடித்துக்கொண்டு கீழே விழுந்தது. இன்னொன்றை வைத்தேன். அதுவும் விழுந்தது. தவுக்கே மறுபடியும் கூப்பிட்டார்.

"நல்லாத்தானே கூட்டுனேன்" என்றார் தம்பி, குரல் இறங்கி.

"கூட்டல்ல தப்பே இல்ல. பசி, வியர்வை, நடுக்கம், மெலிவு, எல்லாம் சேர்ந்து ஒரே எடத்துலேருந்து வரலாம். கழுத்துல இருக்கிற தைராய்டு துள்ளுனாலும் இப்படித்தான் இருக்கும். அந்த நோவு வந்தவனுக்கெல்லாம் வர்ற குறிய வச்சு ஒனக்குன்னு ஒரு மருந்த எப்படிப் பொறுக்குறது? அதுவா, வேற ஏதாவதான்னு எனக்குத் தெரியாது. இந்த ஏட்டுக்கும் தெரியாது. ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்பறம் நீங்க மருந்து குடுப்பீங்களா?"

"மொதல்ல டாக்டர் என்ன சொல்றாருன்னு கேட்டுக்கிட்டு வா. அவரு குடுக்கிறத முழுங்கு. அப்பறம் நீ சொன்ன அந்தக் கியர் போடாத லோரியப் பத்தி நம்ம உக்காந்து பேசலாம். இன்னிக்கு இந்த ஏட்ட நான் தொறக்க மாட்டேன்."

"லைசன்ஸு போயிருச்சுன்னா?"

நான் அவர் மனைவியைப் பார்த்தேன். அவர் கையிலிருந்து சீட்டு விழுந்ததை அவளும் பார்த்திருந்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தம்பி மேசைக்கு வந்தார். ஏட்டிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். தரையில் விழுந்தவற்றையும் பொறுக்கி, எல்லாவற்றையும் சட்டைப் பைக்குள் திணித்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை. வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் லோரி உறுமியது. இத்தனை பேசியும் தோட்டத்துக்கே கிளம்பிவிட்டாரே என்று வாசலுக்கு ஓடினேன்.

லோரி பின்னால் நகர்ந்து, எதிர்ப்புற மரத்தடியில் ஒதுங்கி, அணைந்தது. தம்பி இறங்கி வந்து, இப்போது வழி கிடைத்திருந்த காரின் இடதுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, மனைவி வந்து கிளினிக்குக்கு ஓட்டட்டும் என்று காத்திருந்தார்.