வெங்காயம் வைக்காத வெங்காயம்

எங்கள் தெரு சலூன்காரர் கடைக்குப் பின்னாலேயே குடியிருக்கிறார். கொல்லையில் வெங்காயம் வளர்க்கிறார். அதில் வெங்காயம் கிடையாது. கிழங்கு வைக்காத ரகம், தாள் மட்டும்தான். அறுக்க அறுக்கத் துளிர்க்கும். பனியில் கருகி மண்ணோடு மண்ணாகிவிடும். வெயில் திரும்பினால் மறுபடி தலைகாட்டும்.

அறுப்பதும் தொழில்முறையில்தான். இரண்டு விரல் உயரம் விட்டு, பிசிறில்லாமல், காதோரம் ஒதுக்குகிற மாதிரி. முடி வெட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு கட்டு இனாம். வேண்டாம் என்று சொன்னால் வாயைத் திறக்கமாட்டார். அடுத்த தடவை கிருதாவில் தெரியும்.

அவர் மனைவியைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிடும். அக்காவுக்கு இது ஓயாத கேலி. "வருஷக்கணக்கா வளக்கறாரு. கண்டது ஒரு வெங்காயமும் இல்ல."

போன பனிக்காலத்தில் அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனது. ஏற்றிய மருந்தின் வேகத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. ஊர்த் தலையெல்லாம் பிடித்தவருக்குப் பெண்டாட்டி தலையைத் தொட அனுமதியில்லை. மனிதர் பயந்துபோயிருந்தார். சாப்பாட்டுத் தட்டை அறைக் கதவருகே வைத்துவிட்டு வந்து என் கிருதாவை ஏற்ற இறக்கமாக வெட்டினார். இத்தனைக்கும் நான் தாளை வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

ஒரு நாள் காலை, கன்னத்தில் சோப்பு நுரையோடு கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் தம்பி மண்வெட்டியோடு கொல்லைக்குப் போனான்.

"எல்லாம் செத்துப்போச்சு மச்சான். கொத்திப் போட்டுடறேன்."

சலூன்காரர் பதில் சொல்வதற்குள் அறை ஜன்னல் திறந்தது.

"தொடாதடா. மேலதான் போயிருக்கு. வேர் இருக்கும்."

அக்காதான். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவும் திறந்தது. நேராகக் கடைக்குள் வந்தார்.

"கொஞ்சம் எந்திரிங்க தம்பி."

பாதிச் சவரத்தோடு எழுந்தேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்த்தார்.

சலூன்காரர் மிஷினை எடுத்தார். வாயில் வந்தது பழக்கதோஷம்.

"ரெண்டு விரல் விடட்டுமா?"

"ஒரு வெங்காயமும் விட வேணாம்."

சிரித்துக்கொண்டேதான் மிஷினை ஓட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெங்காயத்தின் மேல் பழியைப் போடவும் வழியில்லை. அதுதான் மண்ணுக்கு மேலேயே இல்லையே.