அரைப் புள்ளிக்கு எண்பது கிலோமீட்டர்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான் சொல்லச் சொல்ல இதைப் பேத்தி ரோஷினி எழுதுகிறாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு கோலார் தங்கவயலின் உரிகம் நிலையத்தில் நானும் அவளும் ரயில் ஏறினோம். பெங்களூரு கண்டோன்மென்ட்டுக்கு எண்பது கிலோமீட்டர். டிக்கெட் முப்பது ரூபாய். சதுரங்கப் போட்டிக்காக மூன்றாவது நாளாக இதே பயணம். நான்கு சுற்று ஆடி நான்கிலும் தோற்றிருந்தேன். இது கடைசிச் சுற்று. பூஜ்யத்தோடு ஊர் திரும்ப எனக்கு மனமில்லை.

எட்டரைக்கு ஆட்டோ பிடித்தோம். ஆஸ்டின் டவுனில் போட்டி என்றதும், பாட்டியை அஜ்ஜி என்னும் கன்னடக்கார ஓட்டுநர் கேட்டார்.

“பாப்பாவுக்கு மேட்சா அஜ்ஜி?”

“எனக்குப்பா. பாப்பா டிபன் பாக்ஸ் தூக்க வந்திருக்கு.”

பச்சை சிக்னல் விழுந்தும் அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

பத்து மணிக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஆட்டம். எதிரில் ஒரு கல்லூரிப் பையன். ஒவ்வொரு நகர்வையும் இருவருமே தாளில் எழுத வேண்டும் என்பது விதி. நடுவர் பெண் குனிந்து, “எழுத கஷ்டம்னா சொல்லுங்க பாட்டி, ஆள் போடறேன்” என்றாள்.

“கட்டத்துக்கு எட்டு எழுத்து, காய்க்கு அஞ்சு எழுத்து. இங்கிலீஷ்ல எனக்குத் தெரிஞ்சதே அவ்ளோதான். இங்க அது போதும்மா.”

அவன் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். நான் கரோ-கான் தற்காப்பு ஆடினேன். ஓரத்திலிருந்து மூன்றாவது சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தி, அதன் தைரியத்தில் பக்கத்துச் சிப்பாயை முன்னே விடுவது. எனக்கு ஆட்டம் கற்றுத்தந்த என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கூரை சரியாமல் மரமுட்டு நிறுத்தும் வேலை பார்த்தவர். “முட்டு குடுத்துட்டு முன்ன போடி” என்பார்.

மூன்று மணி நேரம் போனது. அவனிடம் ஒரு சிப்பாய் அதிகம். கடைசியில் என் யானை அவன் ராஜாவுக்கு இப்படியும் அப்படியும் செக் வைத்துக்கொண்டே இருந்தது. ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம். கையைத் தூக்கினேன்.

“ரெண்டு தடவைதான் வந்துச்சு. இவங்க தப்பா எண்ணுறாங்க” என்றான் பையன்.

நடுவர் அவன் தாளை எடுத்தாள். நடுவில் ஆறு வரி காலி, மற்றது கிறுக்கல். அதை வைத்துவிட்டு, என் தாளைப் பார்த்துப் பலகையில் காய்களை மறுபடி நகர்த்தினாள்.

“மூணு தடவை. சரியா இருக்கு. டிரா. ஆளுக்கு அரைப் புள்ளி.”

பையன் சிரித்தபடி கை கொடுத்தான். “என்னைவிட நல்லா எழுதறீங்க ஆன்ட்டி.”

மாலை ரயிலில் திரும்பினோம். அந்த ஊரில் எத்தனையோ பெயர்ப்பலகைகள். ஒன்றையும் எனக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுதியதை அந்த ஊர் ஒரு வரி விடாமல் படித்தது.

பங்காருபேட்டை தாண்டியதும் தாளை ரோஷினியிடம் நீட்டினேன்.

“முதல் வரியிலேர்ந்து படி. சத்தமா படி, அந்த ஜன்னல் சீட்டுக்காரருக்கும் கேக்கட்டும்.”