ஐந்து கிலோ அண்ணன்

நான் குடியிருக்கும் ஐந்தோவன் நகரத்தில் நிறைமாதக் கர்ப்பிணிகள் சைக்கிளில் போகிறார்கள். நெதர்லாந்துக்கு வந்து ஆறு வருடமாகியும் இதை மட்டும் என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. எதிர்வீட்டுப் பெண் எட்டு மாத வயிற்றோடு, ஹேண்டில்பாரில் மளிகைப் பை தொங்க, கல் பாவிய தெருவில் தடதடவென்று வருவாள். ஒரு கையை விட்டுவிட்டு எனக்கு டாட்டா வேறு காட்டுவாள். நான் உண்டானபோது முதல் வேலையாக என் சைக்கிளை ஷெட்டில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கணவரிடம் கொடுத்துவிட்டேன். அவரும் கோவைப் பக்கம், துடியலூர்க்காரர். எங்கள் வீட்டுக் கதை தெரியும் என்பதால் ஏன் என்று கேட்கவில்லை.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து, பிறந்த அன்றே இறந்துபோனான். அம்மாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. எங்கள் பக்கம் கர்ப்பிணிக்கு ஏழாம் மாதத்தில் கட்டுச்சோறு விருந்து உண்டு. பிறந்த வீட்டார் விதவிதமாகச் சோறு கிளறி, பலகாரம் சுட்டு எடுத்துவந்து பெண்ணுக்கு ஆசையாகப் போடுவார்கள். அந்த விருந்துக்குப் பட்டு எடுக்க, அப்பா அம்மாவை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்துக் கிணத்துக்கடவிலிருந்து கோவை ஆர்.எஸ்.புரம் வரை கூட்டிப்போய் வந்தார். இரண்டு மாதம் கழித்துக் குழந்தை தவறியது. "வயித்துப்புள்ளக்காரிய வண்டீல வெச்சுக் குலுக்குனா அப்பறம் என்னங்க ஆகும்?" என்றார் அப்பாவின் அக்கா. அதோடு தீர்ப்பு எழுதியாயிற்று. அப்பா வண்டியை விற்றார். அம்மா அதன் பிறகு எவர் வண்டியிலும் பின்னால் ஏறியதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தேன் என்று ஆள் வந்து சொன்ன நாளில், பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை எடுத்தும் ஏறாமல், அம்மா வெயிலில் ஓடியே வந்து சேர்ந்தார்.

அந்தத் துக்கத்துக்குள் அம்மாவுக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. "அஞ்சு கிலோ கண்ணு. ராசாவாட்டம் இருந்தான். நர்சம்மாவே மலைச்சுப் போயிட்டாங்க" என்பார். முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்து போகும். பார்த்தறியாத அந்த அண்ணனைப் பற்றி நானும் சிநேகிதிகளிடம் அதே பெருமையோடு சொல்லித் திரிந்திருக்கிறேன்.

இந்த ஊரில் பிரசவத்தை மருத்துவச்சிகள் பார்க்கிறார்கள். ஃபெர்லோஸ்கூண்டிகெ என்று பெயர். அதைச் சரியாகச் சொல்வதற்குள் பிள்ளையே பிறந்துவிடும். பத்தாவது வாரத்தில் ரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்க்கக் கூப்பிட்ட மருத்துவச்சி அம்மாள், வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, மூன்று மாதச் சராசரியும் ரத்தக் கொழுப்பும் கொஞ்சம் கூடுதல் என்றார். இது இன்னும் நோய் இல்லையாம். ஆனால் ஆரம்பத்திலேயே இப்படி இருந்தால், ஆறாம் ஏழாம் மாதத்தில் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகமாம்.

"உங்கள் குடும்பத்தில் பெரிய குழந்தைகள் பிறந்ததுண்டா?" என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "என் அண்ணன் ஐந்து கிலோ!" என்றேன்.

சிரிப்பார் என்று பார்த்தால் பேனாவை எடுத்தார். "அவர் இப்போது எப்படி இருக்கிறார்?"

"பிறந்த அன்றே இறந்துவிட்டான்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. உங்கள் அம்மாவுக்கு அப்போது யாராவது சர்க்கரை பார்த்தார்களா என்று கேட்டார். யார் பார்த்தார்கள்! இத்தனை வருடம் கழித்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இப்படி ஓர் எடையும் இப்படி ஒரு சாவும் சேர்ந்து வந்தால் கவனிக்காமல் விட்ட சர்க்கரையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்றார். நான் மொபெட்டைப் பற்றிக் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. விழுந்தார்களா என்றார். விழவில்லை, போய்த் துணி எடுத்துக்கொண்டு வந்தார்கள் என்றேன். என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, அது எப்படிக் காரணமாகும் என்றார். "யாருடைய தப்பும் இல்லை" என்று என் கையைத் தொட்டுச் சொன்னார்.

வெளியே வந்தபோது, என் சர்க்கரையை நான் மறந்தே போயிருந்தேன். முப்பத்தாறு வருடமாகச் சிறையில் இருப்பவருக்கு விடுதலைத் தாளைக் கொண்டுபோவதாக எனக்கு நினைப்பு. பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே கிணத்துக்கடவுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்கம்மா, அண்ணன் போனதுக்கு வண்டி காரணமே இல்லீங்களாம். உங்களுக்கு அப்பச் சக்கரை இருந்திருக்குமாட்டந் தெரியுதுங்கறாங்க. அதான் அவன் அத்தனை எடை."

அம்மா டிவியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"சக்கரையா?"

"ஆமாங்கம்மா."

"அப்ப, நாந் தின்ன கச்சாயந்தானா கண்ணு?"

கச்சாயம் என்பது அரிசி மாவையும் வெல்லத்தையும் சேர்த்து எண்ணெயில் சுடுவது. கட்டுச்சோற்றுக்கு அம்மாவின் வீட்டிலிருந்து ஒரு போசிப் பாத்திரம் நிறைய வந்ததாம். "பொழுதுக்கும் பசிச்சுட்டே இருக்கும். ஆருக்குந் தெரியாம எடுத்தெடுத்துத் தின்னேன். அவனுக்குத்தான்னு நெனச்சுத் தின்னுபோட்டேன்" என்றார். தின்றதால் வருவதில்லை, கர்ப்பத்தில் உடம்பே அப்படி மாறுகிறது, யார் தப்பும் இல்லை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் நடுத்தெருவில் நின்று கத்தினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வண்டின்னா உங்கப்பாவும் நானும் ஆளுக்குப் பாதி செமந்துட்டிருந்தோங் கண்ணு. இத நா ஒருத்திதான் செமக்கோணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எனக்கு என் மேல்தான் ஆத்திரம். இங்கே காரணம் தெரிந்தால் காகிதத்தில் எழுதி மூடிவிடுகிறார்கள். நம் வீடுகளில் காரணம் என்பது ஆளைத் தேடி வருகிற சாமான். யாராவது ஒருவர் கைநீட்டி வாங்காமல் அது போகாது. அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஆறு வருடத்தில் இந்த ஊர்க்காரியாகிவிட்டேன் போல, உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்று நம்பிவிட்டேன். உங்களில் யாரேனும் தூர தேசத்திலிருந்து இப்படி ஓர் உண்மையை வீட்டுக்கு அனுப்ப நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள்.

பிரசவத்துக்கு அம்மா வருவதாக இருந்தார். பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று. அடுத்த வாரம் அப்பா கூப்பிட்டார். "அம்மிணி, உங்கம்மா வரமாட்டேங்கறா. அவ கைப்பட்ட சோறு உனக்கு ஆகாதுன்னு சொல்லிப்போட்டா" என்றார். நான் அழுதேன். அப்பா குரலைத் தாழ்த்தி, "எம்மேல இருந்து எறங்கிப்போச்சு அம்மிணி. அது போயி அவ மேல ஏறிக்கிச்சு" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியையும், அதற்காக அவர் பட்ட வெட்கத்தையும் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு இப்போது எட்டாம் மாதம். சொன்னபடியே சர்க்கரை வந்தது. அளந்து சாப்பிடுகிறேன், குழந்தை சரியான எடையில் வளர்கிறது. போன வாரம் கோவையிலிருந்து வந்த ஒருவர் அம்மா கொடுத்ததாக ஒரு பை கொண்டுவந்தார். அம்மாவின் பழைய நூல் சேலைகளைத் துவைத்து, குழந்தைக்கென்று கிழித்து அடுக்கிய துணிகள் இருந்தன. பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினேன். பருப்புப் பொடி இல்லை, ஊறுகாய் இல்லை, சர்க்கரைக்கு நல்லது என்று ஊரே சொல்லும் கொள்ளுப் பொடிகூட இல்லை. வீட்டிலிருந்து தின்பதற்கு ஒன்றுமே இல்லாமல் ஒரு பை வந்தது இதுதான் முதல் தடவை.

பை வந்துவிட்டதென்று சொல்லப் போன் செய்தேன். "துணி பத்துமா கண்ணு?" என்று கேட்டார். பத்தும் என்றேன். நான் இங்கே வந்த நாளாக எல்லாப் போனிலும் கேட்கிற கேள்வியை, சாப்பிட்டாயா என்பதை, அம்மா கேட்கவில்லை. கேட்பார் என்று போனை வைக்காமல் காத்திருந்தேன். அந்தப் பக்கம் அவரும் வைக்கவில்லை.