அரியலூருக்குக் கடற்கரை வந்த கதை

இணைய மையம் நடத்துபவனுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை; எது எங்கே இல்லை என்று தெரிந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். அரியலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அப்படித்தான் பிழைத்தேன். மோடம் கூவி முடிக்கும்வரை காத்திருந்து, ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிப்போன அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் நாம் உறவுக்காரர்கள்.

தேடுவதற்கு மூன்று தளங்கள் வைத்திருந்தேன். அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் வாடிக்கையாளர் வாயில் படாதபாடு பட்டதால், நானே தமிழில் பெயர் சூட்டினேன்.

அலமாரி

இது தேடுபொறி அன்று, அடைவு. மனிதர்கள் உட்கார்ந்து தளங்களை அறை அறையாகப் பிரித்து அடுக்கியது. இந்த வித்தியாசத்தை எல்லோருக்கும் விளக்குவேன், யாரும் கேட்டதில்லை.

செபஸ்தியான் சார் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். மகள் ரீட்டாவுக்கு அமெரிக்க மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பையன் நெட்டில் அரியலூரைத் தேடினானாம், கிடைக்கவில்லையாம். நெட்டிலேயே இல்லாத ஊரில் பெண்ணெடுப்பதா என்று சென்னையிலிருந்த அவன் அம்மா பின்வாங்கிவிட்டார். ஊரைக் காட்டினால்தான் சம்பந்தம்.

அலமாரியில் இந்தியா, அதற்குள் தமிழ்நாடு என்று இறங்கினோம். பெரம்பலூருக்கு ஓர் அறை இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்றாலும் அறை இருந்தது. அரியலூருக்கு அதுவும் இல்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரயிலே போகாத ஊருக்கு ரூம் போட்டுருக்கான், ஸ்டேஷன் இருக்குற ஊர விட்டுட்டானே தம்பி.”

கூடை

இது அள்ளிக் கொட்டும் ரகம். அலமாரிக்கு அடுக்கத் தெரியும், அள்ளத் தெரியாது; கூடைக்கு நேர்மாறு. எழுத்துக்கு எழுத்து நாம் அடித்ததையே தேடும் என்பதால், அரியலூரை இப்போதுள்ள ஆங்கில ஸ்பெல்லிங்கில் ஒரு முறையும் பிரிட்டிஷார் காலத்து ஸ்பெல்லிங்கில் ஒரு முறையும் அடித்தேன்.

இரண்டிலும் கொட்டியது. எல்லாம் கல். ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்த ஊர் இது. அப்போது செத்துக் கல்லாகிப்போன நத்தை, சிப்பி, மீன்பல் பற்றி உலகமெங்கும் ஆராய்ச்சிக் கட்டுரைகள். நான் மகிழ்ந்துபோய் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். சார் ரொம்பப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “உசுரோட இருக்குறவுங்க ஒருத்தரும் வர மாட்டாங்களா தம்பி?”

வெள்ளைக்காரன்

இது அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. பக்கம் முழுக்க வெள்ளை, நடுவில் ஒரு பெட்டி, அதனால் அந்தப் பெயர். இதுவும் கல்லைத்தான் தந்தது. ஆனால் நல்ல கல்லாகப் பார்த்து மேலே வைத்தது. முதலில் வந்த பக்கத்தில் அழகான படங்கள், ‘அரியலூர்க் கடல்’ பற்றி எளிய ஆங்கிலத்தில் நாலு பத்தி. “இதையே அனுப்புங்க சார், ஊர் பேரு பெருசா இருக்கு” என்றேன். கொஞ்சம் குறும்பும் கலந்த யோசனைதான்.

மறு வாரம் சார் ஓடி வந்தார். சம்பந்தியம்மாள் குளிர்ந்துபோய்ப் போன் செய்தாராம். ‘இருந்தது’ என்பதற்கும் ‘இருக்கிறது’ என்பதற்கும் நடுவே பல கோடி ஆண்டுகள்; அந்த அம்மாள் அதை ஒரே மூச்சில் தாண்டியிருந்தார். அவர் கேட்டதைச் சார் அப்படியே ஒப்பித்தார்: “பீச்சு உங்க வீட்டுலேர்ந்து நடந்து போற தூரந்தானே?”

ரீட்டா

இல்லாத கடலை எப்படி இல்லை என்பது? சார் ஒளிந்துகொண்டார். ரீட்டா தானே வந்து உட்கார்ந்தாள். ஊர்ப் பெயரை அடிப்பாள் என்று பார்த்தால், மாப்பிள்ளை பெயரை அடித்தாள். அலமாரி, கூடை, வெள்ளைக்காரன் எதிலும் அவன் இல்லை. சிரித்துக்கொண்டே அவனுக்கே மெயில் எழுதினாள், கடல் வற்றிப்போன விவரத்தையும் சேர்த்து. என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

“எங்க ஊரத் தேடுனா கல்லாவது வருது, ஒங்களத் தேடுனா அது கூட வரலன்னு எழுதிருக்கேண்ணே.”

அலமாரி இல்லை என்றது, கூடை செத்துவிட்டது என்றது, வெள்ளைக்காரன் கடல் என்றான். மாப்பிள்ளை மட்டும் அந்த மெயிலைப் படித்துவிட்டு லீவு போட்டு, சென்னைக்குப் பறந்து வந்து, அங்கிருந்து ரயிலேறி, ஊரைச் சரியாகக் கண்டுபிடித்தான்.