ஒரு பக்கம் மட்டும் மாற்றிய சொக்கப்சோபர்

போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணம்–கண்டி வீதி திறந்து, வாகன உதிரிப்பாகங்கள் தாராளமாக வரத் தொடங்கியிருந்த காலம். புங்குடுதீவில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பள்ளத்தில் விழும்போது குலுக்கலைத் தாங்கும் முன்பக்கச் சொக்கப்சோபர்களில் ஒன்றில் எண்ணெய் கசிந்தது.

"ரெண்டையும் மாத்துங்கோ அண்ணை. ஒண்டு புதுசு, ஒண்டு பழசெண்டால் பள்ளத்திலை கார் ஒரு பக்கம் இழுக்கும்" என்றார் மெக்கானிக்.

"மற்றது இன்னும் கனகாலம் ஓடும். கசியிறதை மட்டும் மாத்தும்" என்றேன்.

மூன்றாம் நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் தீவின் மடத்துவெளிப் பெண்ணொருத்தியையும் அவளுடைய ஐந்து நாள் குழந்தையையும் ஏற்றி வந்தேன். கடலுக்கு நடுவே போகும் பாலத்தெருவில், பள்ளமொன்றில் விழுந்த கார் சட்டென்று இடப்பக்கம் பாய்ந்தது. பிரேக்கை முழுப்பலத்தோடு மிதித்தேன். நின்றது. இறங்கிப் பார்த்தால், இடது முன்சில்லு தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது.

தாயை வலப்பக்கக் கதவால் மெல்ல இறக்கினேன். "பிள்ளை?" என்றேன்.

அவள் துணியை விலக்கினாள். "நித்திரை, அண்ணை."

குழந்தை கண்கூடத் திறக்கவில்லை. இருபுறமும் கடல் மினுங்க, அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு கைகூப்பி நின்றேன்.

இப்போதெல்லாம் சொக்கப்சோபரைச் சோடியாகத்தான் வாங்குகிறேன். கடையில் ஒன்றுதான் இருக்கிறதென்றால், மற்றது வரும்வரை கார் வீட்டிலேயே நிற்கும்.