ஹவாய் கிட்டாரும் மிளகாய் மண்டியும்

1. விருதுநகர் வீட்டு மாடியில், பழைய ஹவாய் கிட்டார் இசைத்தட்டுகளைக் கணினியில் பதியத் தொடங்கினேன்.
2. சரியாகப் பதிகிறதா என்று கேட்க ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினேன்.
3. கீழே மிளகாய் மண்டி வைத்திருக்கும் மாமா ஷட்டரை இறக்கிவிட்டார்.

மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"எந்தத் தலைவரு போயிட்டாக தாயி?"

தலைவர்கள் இறந்தால் வானொலியில் இப்படித்தான் சோக இசையை இழுத்து இழுத்து வாசிப்பார்கள், கடைகளையும் அடைத்துவிடுவார்கள்.

"யாரும் போகல மாமா. இது ஹவாய்ப் பாட்டு. அங்கன இதுக்கு ஆடுவாக."

"நம்ம ஊர்ல எழவுக்குந்தான் ஆடுறாக! கல்லெறிக்குப் பயந்து லாரிக்காரன் பாதி லோடோட கிளம்பிட்டானே!"

செல்போனில் ஓட்டுநரைப் பிடித்தேன். ஆமத்தூரிலிருந்து சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

மீதி மூட்டைகள் அன்று மாலையே ஏறிவிட்டன. அதே பெட்டியில் இருக்கும் கிறிஸ்துமஸ் இசைத்தட்டுகளை இன்னும் தொடவில்லை; கேட்டால் மாமா பண்டிகை லீவு என்று ஷட்டரை இறக்கிவிடுவார். ஹெட்போன் வாங்கிய பிறகுதான் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.